மூணு தரம் சொல்லாத ஏலம்

திங்கட்கிழமை காலை 7 மணி. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் மூன்றாவது ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, கம்பெனி பஸ்கள் பெங்களூரு ரோட்டில் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. டீக்கடை வாசலில் யூனிஃபார்மோடு நிற்கும் தம்பியின் ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் செல்போன். அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய ஐந்து கேம் கேசட்டுகள் போனில் ஏலத்துக்கு வந்திருக்கின்றன. ஏலம் முடிய இன்னும் 4 நிமிடம்.

"எடுத்துடுவியா தம்பி?"

"தெரியலண்ணா. நான் போட வேண்டிய ரேட்ட வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன். இனிமே அது பாடு, அவங்க பாடு."

கடைசிப் பத்து விநாடியில் விலை ஒரே எகிறாக எகிறியது. கேசட்டுகள் வேறு யாருக்கோ போய்விட்டன. அவர் டீயைக் குடித்து முடித்தார். "போகட்டும்ண்ணா. அந்த விலைக்கு அது ஒர்த் இல்ல." முகத்தில் துளி வருத்தமும் இல்லை. ஒரு பெரிய தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்க்கும் அவர் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய வீடியோ கேம்களை ஆன்லைன் ஏலத்தில் சல்லிசாக வாங்குவது எப்படி என்று எழுத உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்த முகம் இவருடையதுதான். பத்து வருடமாக இதில் இருக்கிறார். ஏமாந்த கதைகள் அவரிடம் குறைவு, சரிசெய்த கதைகள் அதிகம்.

நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். டிவி கேம் என்று சொன்னதும் கண் விரியும். 'சாமுராய்', 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்ற பெயர்களில் வந்த பெட்டிகள். மஞ்சளிலும் கறுப்பிலும் கேசட்டுகள். 'காண்ட்ரா', 'மாரியோ', வாத்து சுடும் ஆட்டம். 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற சிவப்பு வெள்ளைப் பெட்டியின் நகல்களே நம் வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை. அசல் வாங்க நம்மிடம் காசு இல்லை. 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவோடு ஒப்பந்தம் போட்டு மெகா டிரைவ் கேம் பெட்டியை இங்கே விற்றபோது விலை 18,000 ரூபாய். அப்போது 80 சதவீத இறக்குமதி வரி இருந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளியின் வீட்டுக் கணக்கில் 18,000 ரூபாய் என்பது பெண்ணுக்கு நகை, பையனுக்குப் படிப்பு. அதனால் பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வீடியோ கேம் கடைகளில் விளையாடினார்கள், அல்லது நகல் பெட்டியை வாங்கித் தரச் சொல்லி அழுதார்கள்.

அந்தப் பையன்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். அன்று கை நழுவிப் போன அசலை இன்று தொட்டுப் பார்க்க நினைக்கிறார்கள். அது வெறும் ஏக்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஜப்பானில் வந்த அசல் 'காண்ட்ரா' கேசட்டைப் போட்டால் முதல் காட்டில் மர இலைகள் அசைகின்றன, பனிக் கட்டத்தில் பனிக்காற்று அடிக்கிறது, கட்டங்களுக்கு நடுவே வரைபடமும் கதைக்காட்சியும் வருகின்றன. அமெரிக்காவுக்குப் போன கேசட்டில் இதெல்லாம் வெட்டப்பட்டிருந்தது. பத்து வயதில் நூறு முறை முடித்த ஆட்டத்தில் இலை அசைவதை நாற்பது வயதில் முதல்முறையாகப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அங்கே வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்கிறது. பழைய கேசட்டைத் தேடுகிறவர்களுக்கு வேறு வழி இல்லை.

மாங்காய் மண்டியும் ஈபேயும்

ஏலம் நமக்குப் புதிதா என்ன? கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு மாங்காய் மண்டி தெரியும். தொழிற்சாலை வேலைக்காரருக்கு ஏலச்சீட்டு தெரியும். சீட்டில் யார் அதிகம் தள்ளி எடுக்கிறார்? அவசரம் உள்ளவர். பொறுத்திருப்பவருக்குக் கழிவு கிடைக்கும். ஆன்லைன் ஏலத்திலும் இதே மனக்கணக்குதான் ஓடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணக்கு மாறுகிறது. கோயில் ஏலத்தில் "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று சொல்லிவிட்டு, மூணாவது தரத்தை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். யாராவது கை தூக்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஈபே என்ற ஆன்லைன் ஏலத் தளத்தில் அந்த இழுப்பே கிடையாது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் கதவு சாத்தப்படும். அதனால்தான் கடைசி விநாடிவரை பதுங்கியிருந்து பாய்கிறார்கள். ஜப்பானின் யாஹூ ஏலத்தில் கோயில் ஏலத்தின் நியாயம் இருக்கிறது: கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் பெரும்பாலும் மேலும் ஐந்து நிமிடம் நீட்டிக்கப்படும். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2002-ல் இதை ஆராய்ந்தார்கள். நேரம் நீளாத ஈபேயில் கடைசி நேரப் பாய்ச்சல் அதிகம் என்றும், அன்று அமேசான் நடத்திய, நேரம் நீளும் ஏலத்தில் அது குறைவு என்றும் கண்டார்கள்.

ஈபேயில் உங்கள் உச்ச விலையைப் போட்டுவிட்டால் அது உங்களுக்காகத் தானே ஏலம் கேட்கும். நீங்கள் 2,500 ரூபாய்க்குச் சமமான தொகை போட்டிருக்கிறீர்கள், அடுத்தவர் 1,800 போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டப்போவது 1,800-க்கு ஒரு படி மேலே உள்ள தொகை, அவ்வளவுதான். ஜெயித்தவர் இரண்டாவது விலையைக் கட்டும் ஏலத்தைப் பற்றி 1961-ல் எழுதிய வில்லியம் விக்ரேவுக்கு 1996-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. இந்த முறையில் உண்மையாக எவ்வளவு தருவீர்களோ அதையே ஒரே தடவையில் போடுவது உத்தமம். கடைசி விநாடிக்காக அலாரம் வைத்து விழித்திருக்கத் தேவையில்லை. ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்! மெஷின் முன்னால் நிற்கும்போது போனைத் தொட முடியாது. தம்பி வெள்ளிக்கிழமையே விலையைப் போட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனது இப்படித்தான்.

அதோடு கூடவே நம் கடிகாரமும் நமக்குத் துணை. கலிஃபோர்னியாவில் ஞாயிறு மாலை 6 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 6.30 (அங்கே குளிர்காலமானால் 7.30). அமெரிக்கர்கள் சாவகாசமாக உட்கார்ந்து போட்டி போடும் நேரம் அது. விலை ஏறத்தான் செய்யும். அமெரிக்கா உறங்கும் நேரம் நமக்கு மத்தியானம் 3 மணி, 4 மணி. ஏழு நாள் ஏலம் என்றால் விற்பவர் பட்டியல் போட்ட அதே மணிக்குத்தான் முடியும். தூக்கம் வராமல் நள்ளிரவுக்கு மேல் பட்டியல் போட்டவரின் கேசட், அடுத்த வாரம் அதே நள்ளிரவுக்கு மேல் ஆளில்லாத சபையில் முடிகிறது. முதல் ஷிஃப்ட் விட்டு வந்து, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்த நேரம் நமக்கு அது. ஜப்பான் ஏலங்கள் அவர்களின் இரவு 9, 10 மணிக்கு முடிந்தால் நமக்கு மாலை 5.30, 6.30.

பெயரைத் தப்பாக எழுதிய விளம்பரங்களைத் தேடச் சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. தேடுபொறிகளே இப்போது எழுத்துப் பிழையைத் திருத்திவிடுகின்றன. அதைவிட, மங்கலான ஒரே படத்தோடு "பழைய கேம்கள், ஒரு பெட்டி" என்று போட்டிருக்கும் லாட்டைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் பலன் அதிகம். அடுக்கி வைத்த கேசட்டுகளின் முதுகை வைத்தே எது எது என்று சொல்லிவிடுகிறார் தம்பி. டூல் ரூமில் மைக்ரான் கணக்குப் பார்க்கும் கண் அது.

'வேலை செய்யாது' என்ற சொல்லின் விலை

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: மலிவு என்பது ரிப்பேர் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிற ஒன்று. ஏலத் தந்திரங்களை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்து என்ன கோளாறு என்று சொல்ல வருடக்கணக்கில் கை பழக வேண்டும். ஜப்பான் ஏலங்களில் 'ஜங்க்' என்று ஒரு சொல் இருக்கிறது. சோதிக்கவில்லை, ஓடாமல் போகலாம், திருப்பி வாங்கமாட்டோம் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். தம்பியின் தேடல் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

நின்டெண்டோவின் அமெரிக்கப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, வேலை செய்யாது" என்று விற்பார்கள். போலி கேசட்டைத் தடுக்க உள்ளே வைத்த ஒரு பூட்டுச் சிப்தான் விநாடிக்கு ஒருமுறை பெட்டியை நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறது. கேசட் செருகும் இடத்தில் 72 பின்கள் உண்டு. அவை தளர்ந்தோ அழுக்கேறியோ இருந்தால், உள்ளே இருப்பது அசல் கேசட்டா என்று சிப்புக்குத் தெரியாமல் போகிறது. பெரும்பாலும் சிப்பில் எந்தப் பழுதும் இருக்காது. பின்களைச் சுத்தம் செய்தாலே பல பெட்டிகள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

சேவ் ஆகவில்லை என்று சொல்லி விற்கும் போகிமான் கேசட்டுகளிலும் இதே கதைதான். உள்ளே பற்றவைத்திருக்கும் நாணய பேட்டரி இருபது வருடத்தில் செத்திருக்கும். புதிதை மாற்றினால் தீர்ந்தது. சேகாவின் கேம் கியர் கையடக்கப் பெட்டியில் படம் மங்கினால், சத்தம் வராவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர்கள். அவை ஒழுகுவது அந்த மாடலின் பிறவி நோய்.

தம்பியின் அறையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். மேஜையில் ஈரமில்லாத பருத்தித் துணி, மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொபைல் ஆல்கஹால், பள்ளிக்கூட ரப்பர் ஒன்று. கேசட்டின் பல்வரிசையில் பச்சை பூத்திருந்தது. ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்தார். பச்சை போய்ச் செம்பு மினுங்கியது. பஞ்சில் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தபோது பஞ்சு கறுத்தது. இன்னொரு பஞ்சு, பழுப்பு. மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. "அவ்ளோதாண்ணா." நாமெல்லாம் சின்ன வயதில் கேசட் ஓடவில்லை என்றால் வாயில் வைத்து ஊதுவோமே, அதைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார். ஊதியதும் ஓடியதற்குக் காரணம், வெளியே எடுத்து மறுபடி செருகியது. மூச்சில் இருக்கிற ஈரம்தான் அந்தப் பச்சை.

போலிகள் தனி ஆபத்து. அதிலும் கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுகளில் போலி கொட்டிக் கிடக்கிறது. அசலின் லேபிளில் மிக லேசாக அழுத்திய இரண்டு இலக்க எண் இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பின்கள் இருக்கும் வாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தால் பலகையில் நின்டெண்டோ பெயர் தெரியும். திறந்து பார்க்கும்போது சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி பசை உறைந்திருந்தால் அது நகல். படத்தில் இதெல்லாம் தெரியவில்லை என்றால் விற்பவரிடம் படம் கேளுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஃபேமிகாம் ஜப்பானிலிருந்து வந்த அன்று ஆசையில் கை நடுங்கியது. கூடவே வந்த அடாப்டரை அப்படியே சுவர் பிளக்கில் செருகினேன். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எரிந்த வார்னிஷ் வாசம் வீடெல்லாம் நிறைந்தது. நல்லவேளை, போனது அடாப்டர் மட்டும்தான். இன்று யாருக்காவது ஜப்பான் பெட்டி வருகிறது என்றால் நான் முதலில் கேட்பது, அடாப்டரின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்றுதான்.

வந்து இறங்கும் விலை

ஏலத்தில் ஜெயித்த தொகை பாதிக் கணக்குதான். ஜப்பான் ஏலத்தில் நாம் நேரடியாகக் கலந்துகொள்வது கடினம். நமக்காக அங்கே வாங்கி அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் உண்டு, அவர்களுக்குக் கூலி தர வேண்டும். பிறகு விமானக் கட்டணம். சுங்கத் தீர்வை பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை, அனுப்பிய செலவையும் சேர்த்த தொகைக்குத்தான் போடப்படுகிறது. அதற்கு மேல் ஜிஎஸ்டி. பரிசு என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி போகும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 5,000 ரூபாய் வரையிலான அந்தச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். பொய்யாக எழுதச் சொல்வது தவறும்கூட. ஒரு கேசட்டை வரவழைத்தால் செலவு கேசட்டைவிடப் பெரிதாகிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள்.

முன்பு இவ்வளவு சிரமம் இருக்கவில்லை. நம் நாட்டிலேயே ஏலம் நடந்தது. 2000-ல் தொடங்கிய பாஸி.காம் தளத்தை 2004-ல் சுமார் 5 கோடி டாலருக்கு ஈபே வாங்கியது. பணத்தைக் கையில் வைத்திருந்து, பொருள் சேர்ந்த பிறகே விற்றவருக்குத் தரும் 'பைசாபே' ஏற்பாடு அதில் இருந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏலம் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்! 2018 ஆகஸ்டு 14-ம் தேதி ஈபே இந்தியா மூடப்பட்டது. அந்த இழப்பை இன்னும் எதுவும் ஈடுகட்டவில்லை என்பது என் கருத்து. இப்போது உள்ளூரில் இருப்பதெல்லாம் பேரம் பேசும் தளங்கள். "லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ?" என்பதே முதல் செய்தி. ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது என்று சொல்லி அட்வான்ஸ் கேட்கும் மோசடிக்காரர்களும் அங்கேதான் உலவுகிறார்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் கியூஆர் கோடு ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண் போட வேண்டியதில்லை. யாராவது செய்யச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

நேரில் போய்ப் பார்த்து வாங்க முடிகிற தூரத்தில் நாம் இருக்கிறோம். எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்படியே போனால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. ஓசூரின் காயலான் கடைகளும் இருக்கின்றன. அங்கே நான் தேடுவது கேசட்டை விட டிவியை. வாத்து சுடும் துப்பாக்கி, பழைய குண்டு டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். விசையை இழுத்த கணத்தில் திரையில் தோன்றும் வெள்ளைக் கட்டத்தைத் துப்பாக்கியின் கண் பிடிக்க வேண்டும். எல்இடி டிவி படத்தைக் காட்டுவதற்குள் அந்தக் கணம் தாண்டிவிடுகிறது. வெளிநாட்டில் இதற்காகவே குண்டு டிவியைத் தேடி அலைகிறார்கள். நம் ஊரில்? 2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடு வீடாகப் போயின. அவற்றில் எத்தனையோ இன்று பரணில் துணி போர்த்திக் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம்மிடமே இருக்கும் அரிய பொருள் இன்னொன்று: பிளேஸ்டேஷன் 2-இன் கடைசிக் காலத்தில் இந்தியாவுக்கென்றே வந்த ஆட்டங்கள். ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கி 2009-ல் வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்', கபடியும் கிட்டிப்புள்ளும் ஆடும் 'தேசி அட்டா', மும்பையின் டிரைன் நிறுவனம் 2011-ல் செய்த 'ரா.ஒன்'. வந்த காலத்தில் விமர்சகர்கள் பாராட்டவில்லை. ஆனால் இந்தியாவில் கன்சோலுக்கென ஆட்டம் செய்ய முயன்ற முதல் தலைமுறையின் கைவேலை அது.

பாகலூர் ரோடு பக்கம் ஓர் அம்மா, பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட மகனின் பிளேஸ்டேஷனையும் ஒரு பை நிறைய சிடிக்களையும் 1,200 ரூபாய்க்கு விளம்பரம் செய்திருந்தார். போய்ப் பார்த்தேன். பையில் பெரும்பாலும் பேனாவால் பெயர் எழுதிய நகல்கள். அடியில், உறையோடு, 'ஹனுமான்' அசல். பேசாமல் 1,200-ஐக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. "அம்மா, இது ஒண்ணு மட்டும் தனி விலை" என்று சொன்னேன். "அப்படியா தம்பி? நீங்களே பாத்துக் குடுங்க" என்றார். இரண்டு மடங்கு கொடுத்தேன். அப்படியும் எனக்கு அது மலிவுதான். அமெரிக்காவில் முகம் தெரியாதவரோடு ஏலத்தில் போட்டியிடுவதும், வாசலில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னவரிடம் வாங்குவதும் எனக்கு ஒன்றல்ல.

விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைப்பவர்களைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை. 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏலத்தில், பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் 11 கோடிக்கு மேல். ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்ற ஆட்டம் அது! ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் 1995-ல் அதில் முதலில் விற்றது உடைந்த லேசர் பாயின்டர் ஒன்றை, 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரியுமா என்று கேட்டபோது, உடைந்ததைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம் வாங்கியவர். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இரவு 9 மணிக்கு மறுபடி தம்பியின் அறைக்குப் போனேன். இலவச டிவியில் வாத்து பறக்கிறது. பக்கத்து போர்ஷன் பிள்ளைகள் மூன்று பேர் துப்பாக்கிக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் தெலுங்கில் கத்துகிறான், இன்னொருவன் கன்னடத்தில் பதில் சொல்கிறான், மூன்றாவது தமிழ். தம்பி ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே ஜப்பானிலிருக்கும் ஒரு 'ஜங்க்' பெட்டிக்கு உச்ச விலையைப் போட்டார். கீழே கம்பெனி பஸ்ஸின் ஹாரன். டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"டேய், ஓடலன்னா அப்படியே வெச்சிடுங்க. நான் வந்து பாக்கறேன். கேசட்ட ஊதாதீங்கடா!"